மூச்சு விடுங்க மாஸ்டர்

டாக்டர்,

இன்று காலை பதினொரு மணிக்கு, பஜாரில் ஒரு செல்போன் கடையில் வைத்து, நீங்கள் என் கையைத் தூக்க வைத்தீர்கள்.

என் போனின் ஸ்பீக்கர் ஒரு வாரமாகக் கரகரத்துக்கொண்டிருந்தது. டீக்கடை பாய்லர் பக்கத்திலேயே வைத்திருந்தால் அதுவும் என்னதான் செய்யும். கடைக்காரர் புது ஸ்பீக்கர் போட்டார். சத்தம் வருகிறதா என்று பார்க்க, வாட்ஸப்பில் கண்ணில் பட்ட முதல் குரல்பதிவைத் தட்டிவிட்டு, கடைசித் திருகாணியை முடுக்கக் குனிந்தார். "லாபம்… ரெண்டு… மூணு…" என்று நீங்கள் எண்ண ஆரம்பித்தீர்கள். ஸ்டூலில் உட்கார்ந்து எதிர்க்கடை வெற்றிலைக் கட்டை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என் வலது கை, தன்பாட்டுக்கு எழுந்தது. நான் தூக்கவில்லை. சத்தியமாக நான் தூக்கவில்லை.

"இன்னா சார், டவுட்டா?" என்றார் கடைக்காரர்.

"இல்லீங்க. எக்சர்சைஸ்."

"யாரு சார் இது, எண்றது?"

"எங்க டாக்டர்."

அதற்குள் எட்டு வந்துவிட்டது. எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஒரு இடைவெளி விட்டுச் சொல்வீர்களே, "மூச்சு விடுங்க மாஸ்டர், புடிச்சிகினு இருக்கீங்க" என்று, அதுவும் வந்தது. திருகாணி மேல் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்த கடைக்காரர் புஸ்ஸென்று விட்டார். விட்டபிறகு போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னா சார் இது, எதிர்ல நின்னு பாத்துகினு சொல்ற மாதிரியே இருக்கு. எங்க இருக்காரு இவரு?"

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? "கனகம்மாசத்திரம் பக்கம்" என்று சொல்லிவிட்டுப் போனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பொய்யும் இல்லை. உங்களை அங்கேதான் கொண்டுபோனார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மகள் பவித்ராவின் நோட்டில் நடுப்பக்கத்தைப் பிரித்தெடுத்து இதை எழுதுகிறேன். பத்தாம் வகுப்புப் பரீட்சையை இரண்டு தடவை எழுதியவன் நான். ஆகவே எழுத்துப் பழக்கத்தில் மற்றவர்களைவிட ஒரு மடங்கு கூடுதல்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? தை மாதம். மருந்துக்கடைக்கு மேலே இருந்த உங்கள் பிசியோதெரபி அறைக்கு மாடிப்படி ஏறி வந்தேன். எலும்பு டாக்டர் என் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "எலும்பு எப்பவோ கூடிடுச்சு, இனிமே அவர் வேலை" என்று உங்களிடம் தள்ளிவிட்டிருந்தார். நான் மனசுக்குள் ஒரு திட்டத்தோடு வந்திருந்தேன். கரண்ட் வைப்பார்கள், ஏதாவது தேய்ப்பார்கள், மூன்று நடை வந்தால் முடிந்துவிடும், நான் படுத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்க்கலாம்.

"கைக்கு இன்னாச்சு மாஸ்டர்?" என்று கேட்டீர்கள். பஸ் ஸ்டாண்டில் டீ ஆற்றுகிறவன் என்று நான் சொன்ன அந்த நிமிடமே எனக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்துவிட்டீர்கள். வயதில் நீங்கள் என்னைவிடப் பதினைந்து வருடமாவது சின்னவர்.

இதே கேள்விக்கு நான் கடையில் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறேன். வெளியூர் டிரைவர்களுக்கு ரவுடிச் சண்டை. கோயிலுக்கு வருகிறவர்களுக்கு, அன்னதானத்துக்குப் பால் கேன் சுமந்தது. உங்களிடம் என்னவோ உண்மை வந்துவிட்டது.

"டம்ளர் கழுவின தண்ணிய நானே வாசல்ல ஊத்தினேன். நானே வழுக்கி வுழுந்தேன்."

நீங்கள் சிரிக்கவில்லை. "எத்தினி வருஷம் ஆச்சு?"

"பதினொண்ணு."

"கட்டு போட்டீங்களா?"

போட்டேன். நம் ஊரில் கை உடைந்தால் எல்லை தாண்டிப் போய் நாட்டுக் கட்டுப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள்தானே பாதிப் பேர். கட்டியவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. மூன்று வாரம் கழித்து வந்து பிரித்துக்கொள், அப்புறம் கையை ஆட்டிப் பழகு என்று தமிழிலும் சொன்னார், தெலுங்கிலும் சொன்னார். நான்தான் அதிபுத்திசாலி. நாள் கூடினால் பிடிப்பும் கூடும் என்று மூன்று மாதம் அவிழ்க்காமல் வைத்திருந்தேன். பிடிப்புக் கூடத்தான் செய்தது. எலும்போடு சேர்த்துத் தோளும் பிடித்துக்கொண்டது. டீத்தூள் அதிகம் கொதித்தால் கசக்கும் என்று தெரிந்தவனுக்கு இது தெரியாமல் போயிற்று.

இரண்டு கால் வைத்த அந்தப் பிளாஸ்டிக் ஸ்கேலை என் தோளில் வைத்து அளந்தீர்கள். "எண்பது" என்று எழுதினீர்கள். கை முழுசாகத் தூக்கினால் நூற்றெண்பது டிகிரி என்றீர்கள். நூற்றெண்பதுக்கு எண்பது! பத்தாம் வகுப்புக் கணக்கில்கூட நான் அவ்வளவு மோசமில்லை.

"டீ எப்டி ஆத்துறீங்க?"

நின்று காட்டினேன். மேலே போகவேண்டிய வலது கையை இடுப்பில் நிறுத்திவிட்டு, கீழே இருக்கும் இடது கையை முழங்காலைத் தாண்டி இறக்குவேன். நானும் கூடவே குனிவேன். நீளம் என்னவோ அதே நீளம்தான். பஸ் ஸ்டாண்டில் அதற்குப் பெயர் 'உக்காந்த டீ'. இதற்கு மட்டும் நீங்கள் சிரித்தீர்கள். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டீர்கள், "பதினோரு வருஷம் சமாளிச்சிட்டீங்களே, இப்ப எதுக்கு வந்தீங்க?"

அன்றைக்கு நான் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். பவித்ராவுக்கு நாலு வயதில் காய்ச்சல் வந்து, வெட்டி இழுத்து, கண் மேலே போய்விட்டது. ஆட்டோவில் போகும்போது மலையைப் பார்த்துச் சொன்னேன், குழந்தை பிழைத்தால் வருகிற ஆடிக் கிருத்திகைக்கு என் தோளில் பூக்காவடி எடுத்துப் படியேறி வருகிறேன் என்று. குழந்தை பிழைத்தது. ஆடிக்கு ஒரு மாதம் முன்னால் நான் வாசலில் விழுந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும், அடுத்த வருடம். அவளுக்கு எப்போது காய்ச்சல் வந்தாலும் என் வீட்டுக்காரி அவள் நெற்றியைத் தொடுவதற்கு முன்னால் என் தோளைப் பார்ப்பாள். பார்ப்பாள், அவ்வளவுதான். போன மார்கழியில் பவித்ராவுக்கு நாலு நாள் காய்ச்சல் விடவில்லை. நான் எலும்பு டாக்டரைப் பார்க்கப் போனேன்.

நீங்கள் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு கேட்டீர்கள். பிறகு சொன்னீர்கள்:

"நல்லா கேட்டுக்கோங்க மாஸ்டர். மொத ரெண்டு மூணு வாரம் முன்னவிட மோசமான மாதிரி இருக்கும். என்னைத் திட்டுவீங்க. அப்புறம் ஏறும். ஏறி ஒரு எடத்துல நின்னுக்கும். ஒரு மாசம்கூட நிக்கும். அப்பதான் நெறைய பேர் வுட்டுட்டுப் போயிடுவாங்க. நான் இங்க செய்யிறது கொஞ்சம். வூட்ல நீங்க செய்யிறதுதான் வேல. அப்புறம் இன்னொண்ணு, பழைய கை வராது. புதுசா ஒரு கை வரும். அதோட பழகிக்கணும்."

"அந்தக் கை காவடி தூக்குமா?"

"தெரியாது" என்றீர்கள்.

தெரியாது என்று என்னிடம் சொன்ன முதல் டாக்டர் நீங்கள்தான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மறுநாளும் படியேறினேன்.

நீங்கள் சொன்ன வரிசையிலேயே எல்லாம் நடந்தது. சுடுதண்ணீர்ப் பெட்டியிலிருந்து மண் பொட்டலத்தை எடுத்துத் துண்டில் சுற்றித் தோளில் வைப்பீர்கள். மழை பெய்த மண்ணைத் தோளில் போட்டுக்கொண்ட வாசனை. அந்தச் சுகத்தில் கண்ணை மூடினால், அடுத்த நிமிடம் கையைப் பிடித்துத் தூக்க ஆரம்பிப்பீர்கள். கத்துவேன். "இது எந்த வலி?" என்று கேட்பீர்கள். உங்களிடம் வலி இரண்டு சாதி. துணியைப் பிழிகிற மாதிரி இழுக்கிற வலி ஒன்று, அது இரண்டு மணி நேரத்தில் போய்விடும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஊசி இறங்குகிற மாதிரி வருவது இன்னொன்று, அது மறுநாளும் நிற்கும், அதை மறைக்காமல் சொல்லவேண்டும். "பல்லைக் கடிச்சிகினு வீரம் காட்டுனீங்கன்னா, கை பயந்து திரும்பவும் பூட்டிக்கும்."

வீட்டில் செய்யாமல் செய்தேன் என்று சொன்ன நாட்கள் உண்டு. கதவு மேல் கயிறு போட்டு இழுப்பது, சுவரில் விரலால் எறும்பு மாதிரி ஏறுவது, குனிந்து கையைத் தொங்கவிட்டு வாளி மாதிரி ஆட்டுவது, மூன்றும் செய்ததாகக் கணக்குக் காட்டுவேன். நீங்கள் தோளில் நாலு விரலை வைத்த உடனே, "நேத்து செய்யல. முந்தாநாளும் செய்யல" என்பீர்கள். ஒரு தடவை, "சனிக்கெழம செஞ்சீங்க, ஆனா பாதியில வுட்டுட்டீங்க" என்றீர்கள். எனக்கு முதுகு சிலிர்த்தது. சனிக்கிழமை பாதியில் கடைக்குப் பால் வண்டி வந்துவிட்டது. அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

அதைவிடச் சிலிர்த்தது இன்னொன்று. நான் விடிவதற்கு முன் பாய்லர் ஏற்றுகிறவன், மதியம் சாப்பிட்டுத் தூங்குவேன். ஒரு நாள் பவித்ரா கேட்டாள், "நைனா, தூக்கத்துல யாரக் கூப்டுகினு இருந்தே?" மல்லாந்து படுத்திருந்தேனாம். வலது கை மட்டும் எழுந்து மின்விசிறியைக் காட்டிக்கொண்டு நேராக நின்றதாம். ரொம்ப நேரம். பக்கத்தில் வந்து "நைனா" என்றதும் மெதுவாக இறங்கிப் படுத்துக்கொண்டதாம். விழித்திருக்கும்போது நான் அவ்வளவு தூக்கியதே இல்லை.

மறுநாள் உங்களிடம் ஓடி வந்து சொன்னேன். நீங்கள் குஷியாகிவிட்டீர்கள். "அது பயப்படல மாஸ்டர். நீங்கதான் பயப்படுறீங்க. நீங்க தூங்கும்போது உங்க பயமும் தூங்குது, அது எழுந்து பாக்குது." சமாதானம் நல்லாத்தான் இருந்தது. ஆனால் அன்றிலிருந்து மதியம் படுக்கும்போது கையைப் போர்வைக்குள் செருகிக்கொண்டுதான் படுத்தேன். பதினோரு வருடம் பூட்டிக்கொண்டு என்னோடு இருந்த கை, நான் இல்லாத நேரத்தில் தனியாக என்ன செய்துகொண்டிருந்தது என்று யாருக்குத் தெரியும்.

மாசியில் நூற்றைந்து. பங்குனியிலும் நூற்றைந்து. நீங்கள் சொன்ன அந்த நிற்கிற மாதம் வந்துவிட்டது. "வேணாம் டாக்டர், வுட்டுடலாம்" என்றேன். மறுநாள் காவடிக் கழியைக் கொண்டுவரச் சொன்னீர்கள். நான் அதைத் தூக்கிக்கொண்டு மாடியேறினால், வெளிப் பெஞ்சில் முட்டிவலிக்குக் காத்திருந்த இரண்டு பேர் எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கழியின் இரண்டு முனையிலும் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டி என் தோளில் வைத்தீர்கள். "மொத்தம் முந்நூத்தி அறுபத்தஞ்சு படி. பத்துப் பத்தா ஏறுவோம். முப்பத்தாறு பத்து, மேல அஞ்சு. பின்னாடி நான் எண்ணிகினு வரேன்" என்றீர்கள்.

"நீங்க வருவீங்களா?"

"அப்புறம்? உங்களைத் தனியா வுட்டா ஒம்போதாவது படில மூச்சைப் புடிச்சிகினு நின்னுடுவீங்க."

அன்றைக்குத்தான் அந்தப் பதிவைச் செய்து அனுப்பினீர்கள். ஒரு கையில் போன், இன்னொரு கையால் என் முழங்கையைத் தாங்கிக்கொண்டு, நான் தூக்கத் தூக்க நீங்கள் எண்ணியது. ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்றுதான் ஆரம்பிப்பீர்கள். நெல் அளப்பவர்கள் முதல் மரக்காலை அப்படித்தான் சொல்வார்கள், உங்கள் அப்பா சத்திரத்துக் களங்களில் அளந்தவர், அந்த வாய்ப் பழக்கம் என்றீர்கள். எட்டாவதில் நான் மூச்சைப் பிடித்ததைப் பார்த்துத்தான் அந்த வார்த்தையைச் சொன்னீர்கள். அது பதிவிலேயே விழுந்துவிட்டது.

வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. மச்சான் வீட்டுக் கல்யாணம் என்று ஒரு வாரம் வராமல் இருந்துவிட்டு வந்தேன். திட்டு வாங்கத் தயாராக மாடியேறினேன். கதவு திறந்திருந்தது. பெஞ்சில் யாரும் இல்லை. நீங்கள் கூப்பிடுவதற்கு முன்னால் கையைச் சூடாக்கி வைத்தால் திட்டுக் குறையுமே என்று, போனைப் பெஞ்சில் வைத்துச் சத்தத்தைக் கூட்டிப் போட்டேன்.

"லாபம்… ரெண்டு…"

உள்ளே ஒரு ஸ்டூல் விழுந்தது. டோக்கன் கொடுக்கிற அக்கா ஓடி வந்தார்கள். டாக்டர், அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். முதலில் அதில் இருந்தது சந்தோஷம். அப்படி ஒரு சந்தோஷம். அப்புறம் பெஞ்சிலிருந்த போனைப் பார்த்தார்கள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"நிறுத்து மாஸ்டர். நிறுத்துய்யா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கை மேலே இருந்தது. அதை இறக்கத் தோன்றவில்லை. நீங்கள் சொல்லாமல் எப்படி இறக்குவது? எட்டு. மூச்சு விடுங்க மாஸ்டர். ஒம்போது. பத்து. "எறக்குங்க" என்றீர்கள். இறக்கினேன்.

"ஞாயித்துக்கெழம போயிட்டாருய்யா. நாலு நாள் ஜொரம்" என்றார்கள் அக்கா.

சுடுதண்ணீர்ப் பெட்டி அணைத்துக் காலியாக இருந்தது. ஆனாலும் அறை முழுக்க அந்த ஈரமண் வாசனை.

அதற்கப்புறம் நான் விட்டுவிட்டிருக்கலாம். விடுகிறவன்தான் நான். அந்தக் கட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நேரத்துக்கு முன்னால் விட்டவன். ஆனால் மறுநாள், வழக்கமாக உங்கள் மாடியேறும் மூன்று மணிக்குக் கை துடித்தது. போட்டேன். எட்டாவதில் சொன்னீர்கள். நான் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதற்கடுத்த நாளும். அதற்கடுத்த நாளும். ஒருமுறை உங்களை ஏமாற்றிவிடலாம் என்று ஏழாவதிலேயே மூச்சை விட்டுவிட்டேன். வெற்றியோடு காத்திருந்தேன். "புடிச்சிகினு இருக்கீங்க" என்றீர்கள். பார்த்தால், காத்திருந்ததில் மறுபடி பிடித்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரிக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "போனவரை தெனம் மூணு மணிக்கு வூட்டுக்குள்ள கூப்டுகினு இருக்கியே, வந்துட்டா இன்னாய்யா பண்ணுவே?" என்றாள்.

"வந்தா கைய அளந்து காட்டச் சொல்லுவேன். நூத்திருபது இருக்கும்."

அவள் தலையிலடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். பதிவு ஓடும் வரை இந்தப் பக்கம் வரவேமாட்டாள். ஒரு நாள் கடையில் கூட்டம், வீட்டுக்கு வரவே நாலு ஆகிவிட்டது. செருப்பைக் கழற்றும்போது அடுப்படியிலிருந்து கேட்டாள்:

"இன்னிக்கு அவரு வரலியா?"

கேட்டது அவளேதான். சட்டையைக் கழற்றிவிட்டுப் பதிவைப் போட்டேன்.

உங்கள் ஸ்கேல் இல்லாததால், விரல் ஏறுகிற சுவரில் பவித்ரா பென்சிலால் கோடு போட்டாள். அடுத்த அறையில் படித்துக்கொண்டிருப்பவள், "எறக்குங்க" என்ற சத்தம் கேட்டதும் பென்சிலோடு வருவாள். பத்து நாள் ஒரே கோடு. பிறகு ஒரு விரற்கடை மேலே. தண்ணீர் பாட்டில் அரை லிட்டரிலிருந்து ஒன்று, ஒன்றிலிருந்து இரண்டு. கழி தோளில் நின்றது. கை அதைப் பிடித்தது.

ஆடிக் கிருத்திகை காலையில் குளத்தில் முழுகி, பூக்காவடியைத் தோளில் ஏற்றினார்கள். உங்கள் போனை, அதாவது என் போனை, வீட்டுக்காரியிடம் கொடுத்து மலைப்பாதை பஸ்ஸில் அனுப்பிவிட்டேன். கூட்டத்தில் தொலைந்துபோனால் உங்களை எங்கே போய்த் தேடுவேன்? பவித்ரா பால் செம்போடு எனக்கு நேர் பின்னால் வந்தாள்.

காவடி எடுத்தவன் திரும்பமுடியாது, டாக்டர். வளைவும் பூவுமாக இரண்டு பக்கமும் ஆளை மறைத்துவிடும். முன்னால் இருப்பவன் முதுகும் அடுத்த படியும்தான் உலகம். நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டு ஏறினேன். லாபம், ரெண்டு, மூணு. பத்து வந்தால் மறுபடி லாபம். இருபது பத்து முடிந்தது. இருபத்தொன்றாவது பத்துக்குக் கால் எடுக்கும்போது ஊசி இறங்கியது.

அது இழுக்கிற வலி இல்லை. நீங்கள் மறைக்கக் கூடாது என்று சொன்ன வலி. கை மரத்துக்கொண்டு வந்தது. வளைவு ஒரு பக்கம் சாய்ந்தது. பின்னாலிருந்து கூட்டம் தள்ளுகிறது. இறக்கி வைத்தால் இந்த வருடமும் போயிற்று, பதினோரு வருடம் பன்னிரண்டாகும், வீட்டுக்காரி என் தோளைப் பார்ப்பாள். பல்லைக் கடித்துக்கொண்டேன். எண்ணிக்கையும் விட்டுப்போயிற்று.

அப்போது பின்னாலிருந்து கேட்டது.

"மூச்சு விடுங்க மாஸ்டர். புடிச்சிகினு இருக்கீங்க."

குரல் பவித்ராவுடையது. நிறுத்திய இடம், இழுத்த இழுப்பு, எல்லாம் உங்களுடையது. நான் விட்டேன். ஆயிரம் பேர் நடுவில் அந்த மூச்சு வெளியே போன சத்தம் எனக்குக் கேட்டது. ஊசி மெதுவாகத் துணி பிழிகிற வலியாக மாறியது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

"லாபம்… ரெண்டு… மூணு…" என்று அந்தக் குரல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. அப்புறம் நான் எண்ணவே இல்லை. அது எண்ண எண்ணக் கால் ஏறியது. கடைசி ஐந்து படியில், அஞ்சு என்றதும் நின்றுவிட்டது.

மேலே காவடியை இறக்கிவைத்து, பால் ஊற்றி, விபூதி பூசிக்கொண்டு உட்கார்ந்தபோது அவளிடம் கேட்டேன்.

"நல்லா எண்ணினே கண்ணு."

"யாரு, நானா?"

"பின்னாடி எண்ணிகினு வந்தியே."

"நான் அரோகரா தான் சொல்லிகினு வந்தேன் நைனா."

"மாஸ்டர்னு கூப்டியே."

"உன்ன எதுக்கு நான் மாஸ்டர்னு கூப்புடப் போறேன்?"

பவித்ரா பொய் சொல்வாள். மார்க் விஷயத்தில் நிறையச் சொல்லியிருக்கிறாள். அப்போது காது சிவந்துவிடும். அன்றைக்குக் காதைப் பார்த்தேன். சிவக்கவில்லை.

எனக்கு என்ன தோன்றுகிறதென்றால், அத்தனை நாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து உங்களைக் கேட்டுக் கேட்டு, தூக்கத்தில் என் கை எழுந்த மாதிரி அவளுக்குத் தெரியாமலே அவள் நாக்கு எழுந்திருக்கவேண்டும். நீங்கள் இருந்தால் இதைத்தான் குஷியாகச் சொல்லியிருப்பீர்கள். நானும் இதையே நம்பிவிடுகிறேன். ஆனால் ஒன்று. பின்னால் எண்ணிக்கொண்டு வருகிறேன் என்று நீங்கள் சொன்னபோது உள் அறையில் நாம் இரண்டு பேர்தான் இருந்தோம். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பத்துப் பத்தாக, மேலே ஐந்து என்ற கணக்கும் அவளுக்குத் தெரியாது.

இப்போது கை நூற்றைம்பதில் நிற்கிறது, சுவர்க்கோட்டை வைத்து ஊகித்துத்தான் சொல்கிறேன். மீதி முப்பது வராது. நீங்கள் சொன்ன மாதிரி இது புதுக் கைதான். மழைக்கு முதல் நாள் முனகும். சட்டை போட இன்னமும் இதைத்தான் முதலில் நுழைக்கவேண்டும். டீ காது உயரத்திலிருந்து விழுகிறது. பழைய ஆட்கள் 'எழுந்த டீ' என்று பெயரை மாற்றிவிட்டார்கள். ஒரு வாரம் பயிற்சியை விட்டுப் பார்த்தேன், பவித்ராவின் கோட்டில் இரண்டு விரற்கடை இறங்கிவிட்டது. ஆகவே விடமுடியாது. எவ்வளவு நாளைக்கு என்று முன்பே உங்களிடம் கேட்டேன், கை இருக்கிற வரைக்கும் என்றீர்கள். அவளுக்குக் கார்த்திகையில் காய்ச்சல் வந்தது. வீட்டுக்காரி நேராக அவள் நெற்றியைத் தொட்டாள்.

இன்று மூன்று மணிக்குப் புது ஸ்பீக்கரில் போட்டேன். கரகரப்பு இல்லை. இத்தனை நாள் கேட்காதது எல்லாம் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே ரயில் போவது. அக்கா யாருக்கோ டோக்கன் நம்பர் சொல்வது. ஏழிலிருந்து எட்டு வரை ஒரு சத்தமும் இல்லாத இடம் ஒன்று, எட்டைச் சொன்னபின் இன்னும் கொஞ்சம். அப்புறம், மூச்சு விடுங்க என்று சொல்வதற்கு ஒரு நொடி முன்னால், போனுக்கு மிக அருகில், ஒருவர் மூச்சு விடுகிற சத்தம்.

அது நீங்கள், டாக்டர். என் முழங்கையைத் தாங்கிக்கொண்டு நீங்களும் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள்.

திருப்பிப் போட்டேன். கை சுலபமாக எழுந்தது. எட்டு வரும்போது கவனித்தேன், நான் பிடிக்கவில்லை. மூச்சு அதுபாட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தது. "புடிச்சிகினு இருக்கீங்க" என்றீர்கள். முதல் முறையாக நீங்கள் சொன்னது தப்பாகிப்போனது. எனக்கு என்னவோ மாதிரி ஆகிவிட்டது. யாரும் இல்லாத அறையில் ஒருவர் பேசுவது போல இருந்தது. இத்தனை நாளில் இன்றைக்குத்தான் எனக்கு உண்மையாகப் பயமாக இருந்தது.

மறுபடி முதலிலிருந்து போட்டேன். லாபம், ரெண்டு, மூணு. ஏழு வந்ததும் வேண்டுமென்றே மூச்சைப் பிடித்துக்கொண்டேன். எட்டு. அந்தப் பக்கம் நீங்களும் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். காத்திருந்தேன்.

இரண்டு பேரும் விட்டோம்.